உப்பளக் கரையில் வலசைப் பட்டாம்பூச்சிகள்... வெயிலை வைத்தே ‘கிளிக்’ செய்வது எப்படி?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குக் காரில் போகிற குடும்பங்கள், மரக்காணம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டுவது வழக்கம். சாலையோரமே பாத்தி பாத்தியாக உப்பளம். நடுநடுவே குவித்து வைத்த வெள்ளை வெளேர் உப்பு. பிள்ளைகளை நிறுத்தி நாலு போட்டோ, ஒரு செல்ஃபி, அவசரமாக ஒரு ரீல்ஸ். பத்து நிமிடத்தில் கார் கிளம்பிவிடும்.

அந்தப் பத்து நிமிடத்தில் பக்கத்து வேலியை யாரும் பார்ப்பதில்லை. சீமைக்கருவேல முள்ளுக்கு மேலே கறுப்பாக ஒரு பட்டாம்பூச்சி பறந்து போகலாம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு இரண்டு. எல்லாம் ஒரே திசையில். பூவில் உட்காராமல், சுற்றிச் சுற்றி வராமல், கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி நேராகப் போய்க்கொண்டே இருந்தால், கொஞ்சம் நின்று பாருங்கள். அது வலசையாக இருக்கலாம்.

வலசை என்றால் நமக்குப் பறவைகள்தான் ஞாபகம் வரும். பட்டாம்பூச்சிகளும் வலசை போகின்றன. அதுவும் நம் வீட்டு வாசல் வழியாகவே போகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தமிழ்நாட்டுச் சமவெளியில் எங்கே நின்றாலும் இந்தக் காட்சி கிடைக்க வாய்ப்பு உண்டு. அதைப் படம்பிடிக்க ஃபிளாஷ் வேண்டாம், பெரிய லென்ஸ் வேண்டாம். கையில் இருக்கும் செல்போனும், வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்கிற கவனமும் போதும். எப்படி என்று இந்த வாரம் பார்ப்போம்.

யார் இந்த வழிப்போக்கர்கள்?

தென்னிந்தியாவில் கூட்டமாக வலசை போகும் பட்டாம்பூச்சிகளில் முக்கியமானவை நான்கு. ‘ப்ளூ டைகர்’ எனப்படும் நீல வரியன், ‘டார்க் ப்ளூ டைகர்’ எனப்படும் கருநீல வரியன், ‘காமன் க்ரோ’ எனப்படும் வெண்புள்ளிக் கருப்பன், அதன் தம்பி போலவே இருக்கும் ‘டபுள் பிராண்டட் க்ரோ’. நான்கும் நெருங்கிய சொந்தம். அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்கு வலசை போய் உலகப் புகழ் பெற்ற ‘மோனார்க்’ பட்டாம்பூச்சியும் இந்தச் சொந்தத்தில் சேர்ந்ததுதான்.

இவற்றின் புழுக்கள் தின்பவை நமக்குத் தெரிந்த செடிகள். நீல வரியனுக்குக் கொடிப்பாலை. வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளி, நன்னாரி, ஆல், அத்தி வகைகள். நம் வீட்டு அரளிச் செடியில் வெள்ளிக் காசு போல மின்னும் கூட்டுப்புழு தொங்குவதைப் பார்த்திருந்தால், அது வெண்புள்ளிக் கருப்பனுடையதாக இருந்திருக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்ப்பதற்கு முன்பே இவை கிழக்குப் பக்கச் சமவெளிக்குக் கிளம்பிவிடுகின்றன. அக்டோபர், நவம்பரில் மறுபடி மேற்கு மலைகளை நோக்கிப் பயணம். ஆய்வாளர் கிருஷ்ணமேக் குண்டே இந்த வலசைகளை விரிவாகப் பதிவு செய்து, 2005-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் கட்டுரை எழுதினார். பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் அவரது குழு 2018-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, பெண் பட்டாம்பூச்சிகளைப் பற்றியது. வலசை போகும் காலத்தில் அவை முட்டை உருவாக்குவதைத் தள்ளிப்போட்டு, உடம்பின் சக்தியைப் பறப்பதற்கு ஒதுக்குகின்றன என்பது அதன் சாரம்.

இதைப் படம் எடுக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கண்முன் ஒரு கிளையில் உட்கார்ந்திருக்கும் பூச்சி, பிள்ளை பெறுவதையே தள்ளிவைத்துவிட்டுப் பயணம் கிளம்பியிருக்கலாம். ஒவ்வொரு தடவை நாம் அதை விரட்டும்போதும், அது சேர்த்து வைத்ததில் கொஞ்சம் செலவாகிறது.

சூரியனைப் படித்தவர் பார்த்த பட்டாம்பூச்சிகள்

கோடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குச் சுற்றுலா போனவர்கள் ஜான் எவர்ஷெட் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை 1909 ஜனவரியில் அங்கே கண்டுபிடித்தவர். ‘எவர்ஷெட் விளைவு’ என்று இன்றும் அவர் பெயரிலேயே அது அழைக்கப்படுகிறது. பின்னாளில் அந்த ஆய்வகத்துக்கே இயக்குநரானார்.

அவருக்குப் பட்டாம்பூச்சிப் பைத்தியமும் இருந்தது. வேலை நேரத்தில் சூரியன், மற்ற நேரத்தில் பட்டாம்பூச்சி. அவற்றின் வலசை பற்றி 1910-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார். 1927-ல் சி.பி.வில்லியம்ஸ் என்ற பூச்சியியலாளர் தென்னிந்தியா, இலங்கை பட்டாம்பூச்சி வலசை பற்றி ஒரு பெரிய ஆய்வுக் கட்டுரை வெளியிட்டபோது, எவர்ஷெட்டைப் போன்ற சிலர் குறித்து வைத்த பதிவுகள்தாம் அதற்கு அடிப்படை.

இலங்கையில் இந்தக் காட்சி ஊரறிந்த ஒன்று. சிவனொளிபாத மலைக்குச் சிங்களத்தில் ‘சமனல கந்த’ என்று இன்னொரு பெயர் உண்டு. ‘பட்டாம்பூச்சி மலை’ என்று பொருள் சொல்வார்கள். பருவத்தில் பறந்துவரும் பட்டாம்பூச்சிகள் அந்த மலையை நோக்கியே யாத்திரை போகின்றன என்பது அங்குள்ள மக்களின் நம்பிக்கை.

நூறு வருடத்துக்கு முன்பு ஒருவர் வலசையைப் பதிவு செய்ய நோட்டுப் புத்தகமும் பென்சிலும்தான் வைத்திருந்தார். எந்த நாள், எந்த இடம், எந்த வகை, எந்தத் திசை... இந்த நாலு விவரமும் இருந்ததால்தான் அது அறிவியலுக்குப் பயன்பட்டது. இன்று நம் பாக்கெட்டில் இருக்கும் செல்போன் முதல் இரண்டையும் தானாகவே குறித்துக்கொள்கிறது. மூன்றாவதும் நான்காவதும் நாம் எடுக்கிற படத்தில் இருக்க வேண்டும். அதற்குத்தான் வெளிச்சம் முக்கியம்.

ஃபிளாஷ் ஏன் வேண்டாம்?

ஃபிளாஷ் போட்டுப் பட்டாம்பூச்சியை எடுத்தால் என்ன ஆகும்? இறக்கையின் செதில்கள் பளபளவென்று வெளுத்துப்போகும். பின்னணி பல நேரம் இருட்டாகிவிடும். பகல் 9 மணிக்கு எடுத்ததா, ராத்திரி எடுத்ததா என்றே தெரியாது. வானம் மேகமாக இருந்ததா, வெயில் அடித்ததா, பூச்சி எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது... எல்லாம் அழிந்துவிடும். பூச்சி மட்டும் மிஞ்சும், அது வாழ்ந்த நேரம் போய்விடும்.

இயற்கை வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இவை எல்லாம் இருக்கும். நிழல் விழுகிற பக்கத்தைப் பார்த்தே ஏறக்குறைய மணி சொல்லலாம்.

இன்னொரு காரணம், பட்டாம்பூச்சியின் உடம்பு. நம்மைப் போல அதற்கு நிலையான உடல் சூடு கிடையாது. உடம்பு போதுமான அளவு சூடாகாமல் அதனால் பறக்க முடியாது. அதனால் காலையில் இறக்கையை விரித்து வெயிலுக்குக் காட்டி உட்கார்ந்திருக்கும். நமக்கு நல்ல படம் தருகிற சாய்ந்த வெயில்தான் அதற்குக் காலை உணவு மாதிரி. அந்த வெயிலில் பொறுமையாக நின்றால் படம் தானாகவே அமையும்.

உப்பு செய்யும் குறும்பு

மரக்காணம் உப்பளத்தில் வழக்கமான இடங்களைவிட ஒரு சிக்கல் கூடுதல். எங்கு பார்த்தாலும் வெள்ளை. செல்போன் கேமரா அதைப் பார்த்துவிட்டு, ‘அய்யோ, வெளிச்சம் ரொம்ப அதிகம்’ என்று நினைத்து, மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். உப்பு சாம்பல் நிறமாகத் தெரியும். பட்டாம்பூச்சியோ வெறும் கரிக்கட்டை.

வெண்புள்ளிக் கருப்பனை இப்படி எடுத்தால் கதை முடிந்தது. அது உண்மையில் கறுப்பே கிடையாது, வெல்வெட் துணி போன்ற ஆழ்ந்த பழுப்பு. ஆண் ‘டபுள் பிராண்டட் க்ரோ’வின் முன்னிறக்கை மேல்பக்கத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். அதை வைத்துத்தான் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும். படம் கரியாகிவிட்டால் அண்ணன் யார், தம்பி யார் என்று யாராலும் சொல்ல முடியாது.

தீர்வு ரொம்ப எளிது. திரையில் பட்டாம்பூச்சியின் இறக்கை மேல் விரலை வைத்துத் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் பக்கத்தில் ஒரு சூரியன் படம் வரும். அதை மேலே தள்ளினால் படம் வெளிச்சமாகும், கீழே இழுத்தால் இருட்டாகும். பின்னால் உப்பு இருந்தால் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். விரலை அழுத்திப் பிடித்தால் அந்த அளவு அப்படியே பூட்டிக்கொள்ளும் வசதியும் பல போன்களில் உண்டு.

இதற்கு நேர்மாறான சிக்கலும் வரும். நிழலான புதருக்கு முன்னால், வெயிலில் உட்கார்ந்திருக்கும் நீல வரியனை எடுக்கும்போது, கேமரா புதரின் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வெளிர் நீலக் கோடுகள் வெறும் வெள்ளையாகிவிடும். அப்போது சூரியனைக் கீழே இழுக்க வேண்டும். நீல வரியனுக்கும் கருநீல வரியனுக்கும் முக்கிய வித்தியாசமே அந்தக் கோடுகள்தாம். கருநீல வரியனில் அவை மெலிந்து, அடிநிறம் கூடுதல் கறுப்பாக இருக்கும். கோடுகள் வெளுத்துப்போனால் அடையாளமும் போய்விடும்.

உப்பு கெடுதல் மட்டும் செய்வதில்லை. ஸ்டுடியோக்களில் முகத்தின் கீழே நிழல் விழாமலிருக்க வெள்ளை அட்டை பிடிப்பார்கள் அல்லவா? உப்புக் குவியல் அந்த வேலையை இலவசமாகச் செய்கிறது. குவியலுக்குப் பக்கத்துச் செடியில் இறக்கையை மூடி உட்கார்ந்திருக்கும் பூச்சியின் அடிப்பக்கத்தில்கூட நல்ல வெளிச்சம் விழும். மற்ற இடங்களில் இருட்டாகவே வருகிற அடிவயிறு, கால், உறிஞ்சுகுழல் எல்லாம் இங்கே தெளிவாகக் கிடைக்கும்.

எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நிற்பது?

காலை 6.30 முதல் 8.30 வரை: சூரியன் கடல் பக்கமிருந்து வரும். கடலுக்கு முதுகைக் காட்டி, நிலத்தைப் பார்த்து நின்றால் வெயில் பூச்சியின் மேல் நேராக விழும். உங்கள் நிழலும் முன்னால் நீளமாக விழும் என்பதை மறக்க வேண்டாம். வெயில் காய்கிற பூச்சியின் மேல் நிழல் பட்டால் உடனே பறந்துவிடும். கொஞ்சம் பக்கவாட்டில் நின்றுகொள்ளுங்கள். இறக்கை விரித்த படம், அதாவது மேல்பக்க அடையாளங்கள், கிடைப்பது இந்த நேரத்தில்தான்.

9 மணிக்கு மேல்: உடம்பு சூடேறியிருக்கும், பறக்கத் தொடங்கும். உட்கார்ந்த படத்துக்காகத் துரத்துவது வீண். பறக்கிற படத்துக்கும், எண்ணிக்கைக்கும் இதுதான் நேரம்.

11 முதல் 3 வரை: உப்பளத்தில் கண் கூசும். மேலிருந்தும் கீழிருந்தும் வெளிச்சம் அடிக்கும். படமும் சுகமில்லை, குழந்தைகளுக்கும் நல்லதில்லை. எங்காவது நிழலில் சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுக்கலாம். மேகமூட்டமான நாளாக இருந்தால் மட்டும் இந்த நேரத்தையும் பயன்படுத்தலாம். மேகம் வெளிச்சத்தைச் சமமாகப் பரப்பும், நிறங்கள் உள்ளபடியே வரும்.

மாலை 4 முதல் 5.30 வரை: சூரியன் மேற்கே, நிலத்தின் பக்கம். இப்போது பூச்சிக்குப் பின்னால் சூரியன் இருக்கும்படி நின்று பாருங்கள். நீல வரியனின் வெளிர் நீலக் கோடுகளின் வழியே ஒளி ஓரளவு ஊடுருவும். மூடிய இறக்கை கோயில் மாடத்து அகல் விளக்கு மாதிரி ஒளிரும். அழகுக்காக எடுக்கும் படம் இது. சாயங்காலம் இவை காய்ந்த குச்சிகளிலும் கொடிகளிலும் கூட்டமாகத் தங்குவதுண்டு. அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்தால் தூரத்திலிருந்தே எடுங்கள்.

பறக்கும்போது எடுக்க முடியுமா?

முடியும். ஆனால் பத்தில் ஒன்பது படம் வீணாகும் என்று தெரிந்தே இறங்க வேண்டும்.

பட்டாம்பூச்சிக்குப் பின்னால் ஓடாதீர்கள். ஒரே இடத்தில் நில்லுங்கள். வலசையில் ஒன்று போன வழியிலேயே அடுத்ததும் வரும். புதர்களுக்கு இடையில் இருக்கும் திறப்பு, வேலியின் மேல் விளிம்பு போன்ற இடங்களைக் கவனித்து, அங்கே முன்கூட்டியே ஃபோகஸைப் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருங்கள். பூச்சி வரும்போது ‘பர்ஸ்ட்’ முறையில் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தினால், ஒரு நொடிக்குள் பல படங்கள் விழும். எச்.டி.ஆர் வசதியை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பதால், அடிக்கிற இறக்கை இரண்டு மூன்றாகத் தெரியலாம்.

கேமரா வைத்திருப்பவர்கள் ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிடக் குறைவாக வைக்கலாம். மரக்காணம் வெயிலில் அதற்குத் தேவையான வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை.

உட்கார்ந்த பூச்சிக்கு ஒரு குறிப்பு. போனை மூக்குக்கு நேரே கொண்டுபோக வேண்டாம். மிக அருகில் போனால் பல போன்கள் தானாகவே வேறு லென்ஸுக்கு மாறிவிடும், தரமும் குறையும், பூச்சியும் பறந்துவிடும். ஒரு மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ‘ஜூம்’ வைத்து எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வது மேல். போனின் பின்பக்கமும் இறக்கையும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால், இறக்கை முழுவதும் கூர்மையாக வரும்.

எங்கே தேடுவது?

உப்புப் பாத்திக்குள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பட்டாம்பூச்சிக்கு அங்கே எதுவும் இல்லை. கரையோரச் செடிகள், சாலையோர வேலி, சவுக்குத் தோப்பின் ஓரம்... இவற்றைப் பாருங்கள்.

முக்கியமாக இரண்டு செடிகள். ஒன்று தேள்கொடுக்கு. பூங்கொத்து தேளின் கொடுக்கு மாதிரி வளைந்திருக்கும், கண்டதும் தெரியும். மற்றொன்று கிலுகிலுப்பை. இந்தப் பட்டாம்பூச்சிகளின் ஆண்கள், இந்தச் செடிகளில் இருக்கும் ஒருவகை ரசாயனத்தைத் தேடி வருகின்றன. பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்க அது அவற்றுக்குத் தேவை. அதே ரசாயனம் எதிரிகளிடமிருந்து காப்பாற்றும் கசப்பையும் தருகிறது. வேடிக்கை என்னவென்றால், பூத்த செடியைவிட வாடிக் காய்ந்த செடியில் கூட்டம் அதிகமாக இருக்கும். ‘காய்ஞ்சுபோன செடியில என்ன இருக்கு?’ என்று கடந்துபோகிறவர்கள் நல்ல படத்தை விட்டுவிடுகிறார்கள்.

எருக்கஞ்செடி இருந்தால் அங்கேயும் நில்லுங்கள். வெந்தய நிறத்தில் பறக்கும் ‘ப்ளெயின் டைகர்’ அதில் முட்டையிடும். இதுவும் மோனார்க்கின் சொந்தம்தான்.

மரக்காணத்துக்குப் பக்கத்திலேயே கழுவெளி இருக்கிறது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட்டில் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. பறவை பார்க்க பைனாகுலரோடு வருகிறவர்கள் கரையோரப் புதரையும் ஒரு கண் பார்க்கலாம். சரணாலயப் பகுதிக்குள் போவதென்றால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போவது முறை.

உப்பளம் சுற்றுலாத்தலம் இல்லை

இதை மறந்துவிடக் கூடாது. உப்பளம் என்பது ஒருவரின் வயல் மாதிரி. பாத்தியின் வரப்பு மண்ணால் ஆனது. நாலு பேர் ஷூ காலோடு ஓடினால் உடைந்துபோகும். உள்ளே இறங்குவதற்கு முன்பு அங்கே வேலை செய்கிறவர்களிடம், ‘அண்ணா, வரப்புல நடக்கலாமா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களைப் படம் எடுப்பதாக இருந்தாலும் அப்படித்தான்: ‘ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாம்மா?’

நாம் காலையில் இரண்டு மணி நேரம் ‘சூப்பர் லைட்டிங்’ என்று ரசிக்கிற வெளிச்சத்தில்தான் அவர்கள் நாள் முழுக்க வேலை செய்கிறார்கள். வெள்ளை உப்பிலிருந்து எதிரொளிக்கும் வெயில் கண்ணைப் பாதிக்கும். அந்த வெயிலுக்குப் பயந்தே பலர் விடிவதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். பட்டாம்பூச்சி திரும்பிப் போகிற ஐப்பசி, கார்த்திகைதான் உப்பளத்தில் வேலை நின்றுபோகிற காலமும். மழை வந்தால் உப்பு விளையாது. குவித்து வைத்த உப்பை ஓலை போட்டு மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. நமக்கு வலசைக் காலம், அவர்களுக்கு வருமானம் இல்லாத காலம்.

கிளம்பும் முன்பு வானிலை அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, இந்தப் பகுதி பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

* பறக்கிற படம் வேண்டுமென்று செடியை உலுக்காதீர்கள்.

* இறக்கையைப் பிடிக்காதீர்கள். விரலில் ஒட்டும் பொடி, இறக்கையின் செதில்கள். அவை மறுபடி முளைக்காது.

* பூச்சி அசையாமலிருக்க ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து வந்து படம்பிடிக்கும் தந்திரம் ஒன்று உண்டு. வலசை போகிற உயிரை அதன் வழியிலிருந்து தூக்கிப்போவது அது. வேண்டவே வேண்டாம்.

* இறக்கை கிழிந்த பூச்சியை ‘அழகா இல்லையே’ என்று ஒதுக்காதீர்கள், எடிட்டிங்கில் ஒட்டவும் வேண்டாம்.

கடைசிக் குறிப்புக்கு ஒரு கதை உண்டு. 2013 அக்டோபரில் ஜெரார்டு தலவேரா என்ற ஸ்பெயின் ஆய்வாளர், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானா கடற்கரையில் சில ‘பெயின்டட் லேடி’ பட்டாம்பூச்சிகளைப் பார்த்தார். மணலில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தன. இறக்கையெல்லாம் ஓட்டை. அந்த வகை தென் அமெரிக்காவில் இருப்பதே இல்லை. பிறகு ஏன் அங்கே? பல வருடம் ஆராய்ந்து, 2024-ல் விடை வெளியானது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து அட்லான்டிக் பெருங்கடலைத் தாண்டி, குறைந்தது 4,200 கிலோமீட்டர் பறந்து வந்திருக்கின்றன! கிழிந்த இறக்கையை ஒருவர் நின்று பார்த்ததில் தொடங்கிய கண்டுபிடிப்பு அது.

படம் எடுத்த பிறகு...

படத்தை எடுத்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். போடலாம், தப்பில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பும்போது படம் சுருங்கும். எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்களும் அதிலிருந்து கழன்றுவிடும். ஃபார்வர்டு ஆகி வந்த படத்தை வைத்து எந்த ஆய்வாளராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். யாருக்காவது அனுப்ப வேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள். போகும் முன்பே கேமராவில் ‘லொகேஷன்’ வசதியைப் போட்டு வைத்துவிடுங்கள்.

பிறகு, ‘ஐ-நேச்சுரலிஸ்ட்’ செயலியிலோ, ‘பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா’ இணையதளத்திலோ பதிவேற்றலாம். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஐ-நேச்சுரலிஸ்ட்டில் மற்ற பயனாளர்கள் அடையாளம் சொல்லி உதவுவார்கள். மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று என இரண்டு படம் கொடுத்தால் அவர்களுக்கு வேலை எளிது.

கூடவே இன்னொன்று செய்யுங்கள். செல்போனில் இருக்கும் திசைகாட்டியைத் திறந்து, பூச்சிகள் எந்தத் திசைக்குப் போகின்றன என்று பாருங்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கற்பனைக் கோடு போட்டு, ஐந்து நிமிடத்தில் எத்தனை அதைத் தாண்டுகின்றன என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ‘காலை 9.10 முதல் 9.15 வரை, மேற்கு நோக்கி, இத்தனை’ என்று பதிவின் குறிப்பில் எழுதிவிடுங்கள். வழக்கமாகச் சொல்லப்படும் திசைக்கு மாறாகப் போனாலும், பார்த்ததை அப்படியே எழுதுங்கள். மாறிப் போவதும் ஒரு தகவல்தான். ஒன்றுமே தாண்டவில்லை என்றால், ‘பூஜ்யம்’ என்று எழுதுவதும் தகவல்தான்.

எவர்ஷெட் பென்சிலால் எழுதியதும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். அடுத்தமுறை மரக்காணத்தில் காரை நிறுத்தும்போது, உப்புக் குவியலோடு செல்ஃபி எடுத்து முடித்த பிறகு ஐந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். போனின் முன்பக்கக் கேமராவைப் பின்பக்கத்துக்கு மாற்றி, வேலியின் மேல் விளிம்பைப் பாருங்கள்.